யோசினாவின் சிறுகோள்

யோசினா ஃபெர்மாக்குக்குக் கல்யாணம் ஆனது அவளைப் பெற்ற தாய்க்கே தெரியாது. ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றக் கட்டடத்தில், முன்பின் தெரியாத இரண்டு குமாஸ்தாக்கள் சாட்சிக் கையெழுத்துப் போட, ரயில் எஞ்சினில் கரி தள்ளும் டிர்க் லாட்டகனுக்கு அவள் மனைவியானாள். வெளியே வந்ததும் மோதிரத்தைக் கழற்றி அவன் சட்டைப் பையிலேயே போட்டாள்.

"திங்கக்கிழமை போய்ச் சொல்லிட்டு வேலைய விட்டுடறேன். அதுவரைக்கும் நீயே வச்சுக்கோ" என்றாள்.

அரசாங்க வேலையில் இருக்கும் பெண், கல்யாணம் ஆனால் வீட்டுக்குப் போக வேண்டும். அதுதான் சட்டம். நகரத்துக்குக் கிழக்கே, பாறை மேட்டின் மேல் இருந்த வானாய்வகத்தில் யோசினா கணக்குப் போடுகிறவள். ரெடர்ஸ்பர்க்கில் பண்ணை வைத்திருந்த குடும்பம். வறட்சியில் ஆடுகள் செத்து, பண்ணை கைமாறிப் போனபின் பட்டணத்துக்கு வந்தவள். கணக்கு மட்டும் அவளுக்குப் பள்ளி நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பது மாதிரி.

நீதிமன்றப் படியில் இறங்கும்போது அவளை ஒருவன் பார்த்துவிட்டான். அடுத்த கட்டடத்தில் கறுப்பர்களுக்கு நடமாட்டச் சீட்டு கொடுக்கும் அலுவலகம். அதன் வரிசை தெருவரைக்கும் நீண்டிருந்தது. வரிசையில் ஃபிலமன் மஷேகோ நின்றிருந்தான். வானாய்வகத்தில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவுவது, தேநீர் போடுவது, தபாலுக்கு ஓடுவது எல்லாம் அவன்தான். யோசினாவின் தொப்பியில் குத்தியிருந்த வெள்ளைப் பூவையும் டிர்க்கின் கை அவள் இடுப்பில் இருந்ததையும் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அந்தத் திங்கட்கிழமை அவள் சொல்லவில்லை. காரணம், காலையில் அந்தப் புள்ளி குதித்தது.

வானாய்வகத்தின் பின்பக்கம் சன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அங்கேதான் ஒப்பிடும் கருவி இருந்தது. ஒரே வானத்தை வெவ்வேறு நேரத்தில் பிடித்த இரண்டு கண்ணாடித் தட்டுகளை அதில் வைப்பார்கள். கண்ணை வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தட்டினால் ஒரு தட்டு மறைந்து மற்றது தெரியும். டக், டக், டக். நட்சத்திரங்களெல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். சூரியனைச் சுற்றி ஓடுகிற ஏதாவது அங்கே இருந்தால், அது மட்டும் இங்கும் அங்குமாகத் துள்ளும். அன்றைக்கு, தட்டின் ஓரத்தில், தூசி போன்ற ஒரு புள்ளி துள்ளியது. அறிந்த சிறுகோள்களின் இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அந்த இடத்தில் எதுவும் இருக்க வேண்டியதில்லை. மூத்த கணக்காளர் மிஸ் பாஸ்க்கைக் கூப்பிட்டாள்.

மிஸ் பாஸ்க் குனிந்து நெடுநேரம் தட்டிப் பார்த்தார். "புதுசுதான்" என்றார். பிறகு, "இத விட்டுடாதே. நழுவிப் போச்சுன்னா யார் கையிலயும் சிக்காது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து டிர்க்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பாகில் ஊறிய பின்னல் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே கேட்டான்.

"எவ்ளோ பெருசு அந்தக் கல்லு?"

"ஒரு பத்து மைல் அகலம் இருக்கும்."

"எங்க சுத்துது?"

"செவ்வாய்க்கு அப்பால, வியாழனுக்கு இப்பால. அங்கதான் இந்தச் சிறுகோளுங்க கூட்டமே இருக்கு. ஒரு கிரகம் உடைஞ்சு சிதறின துண்டுங்கன்னு சிலர் சொல்றாங்க. இல்ல, வியாழன் இழுக்கற இழுப்புல ஒண்ணாச் சேரவே முடியாமப் போச்சுன்னு சிலர் சொல்றாங்க."

"ஆயிரக்கணக்குல இருக்குங்கறே. ஒண்ணு தொலைஞ்சா என்னாடி கெட்டுப் போச்சு?"

"ஆம்பளைங்ககூடத்தான் லட்சக்கணக்குல இருக்காங்க. நான் ஒருத்தனத்தானே கட்டிக்கிட்டேன்?"

டிர்க் சிரித்துவிட்டான். அவள் விரலால் மண்ணில் இரண்டு வட்டம் போட்டாள். உள்வட்டத்தில் பூமி, வெளிவட்டத்தில் சிறுகோள். உள்தடத்து வண்டி வேகமாக ஓடி வெளித்தடத்து வண்டியை முந்திப் போகிறது. முந்துகிற அந்தச் சில மாதங்கள்தான் கல் நன்றாகத் தெரியும். பிறகு சூரியனின் அந்தப் பக்கம் போய்விடும். மறுபடி நேருக்கு நேர் வர அடுத்த வருஷம் செப்டம்பர் ஆகும். அப்போது அதை மறுபடி பிடித்தால்தான் பாதை உறுதிப்படும். உலகச் சிறுகோள்களுக்கெல்லாம் பட்டியல் வைத்திருக்கிற பெர்லினில் எண் கொடுப்பார்கள்; பிறகு பெயர் வைக்கலாம். பிடிக்காவிட்டால் பார்த்ததும் பார்க்காததும் ஒன்று.

"அப்ப அடுத்த செப்டம்பர் வரைக்கும் நீ மிஸ் ஃபெர்மாக்" என்றான் டிர்க். சிரிப்பு போயிருந்தது.

"வேற யார்கிட்ட குடுத்தாலும் இதுக்காக மெனக்கெட மாட்டாங்க டிர்க். அவங்களுக்கு நூறோட நூத்தியொண்ணு."

"நான் எங்கே உன்னப் பார்க்கறது? ரோட்டு முனையிலயா?"

அவள் தங்கியிருந்தது, எல்லோரும் அத்தை என்று கூப்பிடுகிற பெஸ்ஸியின் பெண்கள் விடுதியில். ஆண்கள் வரக் கூடாது. உடன்பிறந்தவர்கள் மட்டும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வரலாம். அப்படித்தான் டிர்க் அவளுக்கு அண்ணனானான்.

அந்த வருஷமும் அடுத்த வருஷமும் யோசினா வாழ்ந்தது ஒரு பெட்டிக்குள் வாழ்ந்த மாதிரிதான். பகலெல்லாம் சன்னல் இல்லாத அறை, இல்லையென்றால் கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம். வியாழன் அந்தக் கல்லை எவ்வளவு இழுத்திருக்கும், எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று பத்துப் பத்து நாளாகக் கணக்குப் போட்டு நகர்த்திக்கொண்டு போனாள். மாலையில் விடுதி. பேச்சில் 'எங்க வீட்டுக்காரர்' என்று வாய் தவறிவிடுமோ என்று பயந்து மற்ற பெண்களோடு பேசுவதையே குறைத்தாள். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று அறைத் தோழி தூங்கிய பின்தான் தூங்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், எதிரே உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பில் ரொட்டியைத் தோய்க்கிற கணவனிடம், "அம்மா எப்படி இருக்காங்க அண்ணே?" என்று கேட்க வேண்டும். அவன், "உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க தங்கச்சி" என்பான். பெஸ்ஸி அத்தை, "பாசமுன்னா இதல்லவா" என்று இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

வானாய்வகத்தில் ஃபிலமனின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. அவன் முன்பெல்லாம் "மிஸ், தேநீர்" என்பான். நீதிமன்றத்து நாளுக்குப் பின், "மிஸ்" என்று சொல்லி ஒரு நொடி நின்று, பிறகுதான் "தேநீர்" என்றான். அந்த ஒரு நொடி அவளைக் கொன்றது. ஒருநாள் தனியாக இருந்தபோது ஒரு டப்பா பிஸ்கட்டை நீட்டினாள்.

"எதுக்கு மிஸ்?"

"சும்மாதான். உன் பிள்ளைங்களுக்கு."

"பிள்ளைங்க ஊர்ல இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவ போறேன். அதுக்குள்ள நமுத்துப் போயிடும்." டப்பாவை மேசைமேல் திரும்ப வைத்தான். "நான் அன்னிக்கு எதையும் பார்க்கல மிஸ். வரிசையில நின்னா முன்னால நிக்கறவன் முதுகுதான் தெரியும்."

செப்டம்பர் வந்தது. மேட்டுச் சரிவில் பீச் மரங்கள் பூத்தன. கல் இருக்க வேண்டிய பகுதியைப் படம் பிடிக்க இயக்குநர் தோரல்ட் ஒப்புக்கொண்டார். யோசினாவுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குக் கல் மட்டும் காரணமில்லை. வயிற்றில் மூன்று மாதம்.

அந்த வாரத்தில்தான் பெஸ்ஸி அத்தை சாப்பாட்டு மேசையில் சந்தோஷமாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம எங்க சித்தி பொண்ணு வர்றா. ரெடர்ஸ்பர்க்காரி. ஃபெர்மாக் குடும்பத்த நல்லாத் தெரியுமாம். உங்க அண்ணனப் பத்தி சொன்னேன், பார்த்தே ஆகணும்னுட்டா!"

யோசினாவுக்கு உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். மூன்றும் பெண்கள்.

டிர்க் மறுநாள் மதியம் வண்டியேறினால் ஞாயிறு காலைதான் திரும்புவான். நேராக விடுதிக்குத்தான் வருவான். அதற்குமுன் அவனைத் தடுக்க வேண்டும். மறுநாள் இரவுதான் படம்; அதற்கான கணக்கை விட்டுவிட்டு அவளால் நகர முடியாது. வேறு வழி தெரியாமல் காலையில் ஃபிலமனைத் தட்டு கழுவும் அறைக்குத் தேடிப் போனாள்.

"ரயில் யார்டு வரைக்கும் போயிட்டு வரணும். டிர்க் லாட்டகன்னு கேளு. ஞாயித்துக்கிழம வர வேண்டாம்னு சொல்லு. அவ்ளோதான்."

ஃபிலமன் கையைத் துடைத்தான். "அந்தப் பக்கம் போக என் நடமாட்டச் சீட்டுல அனுமதி இல்ல மிஸ். இங்கயும் தபால் ஆபீசும் மட்டும்தான்."

"உள்ள போக வேணாம். கேட்டுக்கிட்ட நின்னு ஒரு குரல் கொடு. பத்து நிமிஷ வேலை."

"உங்களுக்குப் பத்து நிமிஷம்" என்றான். ஆனால் போனான். ஒரு வெள்ளைக்காரப் பெண் சொன்னபின் மாட்டேன் என்பது அவனுக்குக் கிடையாது. அது அவளுக்கும் தெரியும்.

அன்று மாலைத் தேநீர் வரவில்லை.

மறுநாள் காலை தோரல்ட் தொலைபேசியை வைத்துவிட்டு அறைக்கு வந்தார். "நம்ம ஃபிலமன ரயில் யார்டுல பிடிச்சுட்டாங்களாம். செம்புக் கம்பி திருட வந்தவன்னு சொல்றாங்க. எதுக்கு அங்க போனேன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறானாம். பத்து வருஷமா இருக்கான், இப்படிப் பண்ணுவான்னு நினைக்கல."

"என்ன செய்வாங்க?" என்றார் மிஸ் பாஸ்க்.

"என்ன செய்வாங்க, ஜெயில்தான். அப்புறம் ஊருக்கு விரட்டிடுவாங்க. வேற ஆள் பார்க்கணும்." பிறகு யோசினாவைப் பார்த்து, முகம் மலர்ந்து, "உங்க தட்டு தயார் மிஸ் ஃபெர்மாக். வானம் கண்ணாடி மாதிரி இருந்தது" என்றார்.

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு அந்த இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

டக், டக். கணக்குப்படி கல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. சுற்றிலும் பார்த்தாள். டக், டக். இன்று கண்டுபிடித்துவிட்டால் இன்றே சொல்லிவிடலாம். கையில் இருக்கும்போது சொன்னால் அதை யாரும் பிடுங்க முடியாது. இன்னும் ஒரு ஓரம் பார்க்கலாம். இன்னும் ஒன்று. மதியத்துக்கு மேல் கண்ணில் நீர் நிறைந்து எல்லாப் புள்ளிகளும் துள்ளின. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் அவன் இன்னொரு அறையில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கைப்பிடியை விடவில்லை. சாயங்காலம் ஆனது. கல் கிடைக்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே தோரல்டின் அறைக்குப் போனாள்.

"ஃபிலமன யார்டுக்கு அனுப்பினது நான். என் புருஷனுக்குச் சேதி சொல்ல."

தோரல்ட் பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்கு?"

"என் புருஷனுக்கு. எனக்குக் கல்யாணம் ஆயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அவர் முதலில் கேட்டது ஃபிலமனைப் பற்றியல்ல. "இத்தன நாளா எங்கள ஏமாத்தினீங்களா?" என்றார். அவருக்கு உண்மையாகவே வலித்தது, முகத்தில் தெரிந்தது. அவள் முதலில் காவல் நிலையத்துக்குப் பேசுங்கள் என்று நின்றாள். அவர் பேசி முடிக்கும்வரை நாற்காலியில் உட்காரவும் இல்லை. பேசி முடித்ததும், "இனிமே நீங்க இங்க இருக்கக் கூடாது. சட்டம் என் கையில இல்ல" என்றார்.

"ஒரு மணி நேரம் கொடுங்க சார். வடக்கு ஓரம் மட்டும் பாக்கி."

"அரசாங்க வேலையில இல்லாதவங்க கருவியத் தொடக் கூடாது, மிஸஸ்…" பெயர் தெரியாமல் நிறுத்தினார்.

"லாட்டகன்" என்றாள்.

மிஸ் பாஸ்க் வாசலில் வந்து அவள் கையைப் பிடித்தார். "முட்டாள் பொண்ணு. எனக்குப் போன வருஷமே தெரியும். திங்கக்கிழமையானாத் தூங்கி வழிவே. நானும் ஒரு காலத்துல யாரையோ நினைச்சுத் தூங்காம இருந்தவதான்." முதல் உலகப் போரில் திரும்பி வராத ஒருவன் அவருக்கு இருந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், அவர் வாயால் வந்தது அன்றுதான்.

வாயிற்கதவருகே யோசினா பையோடு நின்றிருந்தபோது ஃபிலமன் மேடேறி வந்தான். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான்.

"ஏன் நீ சொல்லல? நான்தான் அனுப்பினேன்னு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா? 'வெள்ளைக்கார மிஸ் ஒருத்தங்க இருக்காங்க, அவங்களுக்கு ரகசியமா ஒரு புருஷன் இருக்கான், அவனுக்குச் சேதி கொண்டு வந்தேன்'னா? அடிச்சவன் சிரிச்சுட்டு இன்னும் நாலு அடிச்சிருப்பான்." அவன் குரல் உயரவில்லை. "ஆனா நீங்க நேத்தே சொல்லியிருக்கலாம்."

அவன் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நேத்துக் காலையிலயே இங்க போன் பண்ணினதா ஸ்டேஷன்ல சொன்னாங்க. என் கால மிதிச்சது ராத்திரிதான்."

"வேலையில இருப்பியா?" என்று கேட்டாள். கேட்டபிறகுதான் எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று தோன்றியது.

"இந்த வேலை போனா இந்தப் பட்டணத்துல ஒருநாள் நிக்க விடமாட்டாங்க. இருந்துதானே ஆகணும்" என்று சொல்லிவிட்டு, அவளைத் தாண்டி உள்ளே போனான்.

மறுநாள் மதியம் ஒன்றும் தெரியாத டிர்க் தலைவாரி, சட்டைக் கழுத்தை இறுக்கிக்கொண்டு விடுதிக்கு வந்து சேர்ந்தான். மேசையில் பெஸ்ஸி அத்தையும் சித்தி மகளும்.

"ஃபெர்மாக் வீட்ல ஆம்பளப் பிள்ளையே கிடையாதே. இது யாரு?" என்றாள் ரெடர்ஸ்பர்க்காரி.

"என் புருஷன்" என்றாள் யோசினா. உருளைக்கிழங்குப் பாத்திரம் பெஸ்ஸி அத்தையின் கையில் அப்படியே நின்றது.

"அப்ப அந்த அண்ணன்?"

டிர்க் யோசினாவின் முகத்தைப் பார்த்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டான். "அதுவும் நான்தான் அத்தை" என்றான். அந்த வீட்டில் அவர்கள் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது.

ஜெர்மிஸ்டனில் தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே வீடு கிடைத்தது. வண்டி போகும்போதெல்லாம் அலமாரியில் தட்டுகள் நடுங்கும். அக்டோபர் கடைசியில் மிஸ் பாஸ்க் அங்கே வந்தார். கல் கிடைத்துவிட்டது. வடக்கு ஓரத்தில், யோசினா சொன்ன இடத்திலிருந்து முழு நிலாவின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி. அவள் பார்க்காமல் விட்ட தட்டுப் பகுதிதான். அடுத்த வருஷம் எண் வந்தபோது தோரல்ட் தனக்குப் பிடித்த, மீன் பிடிக்கப் போகும் ஆறு ஒன்றின் பெயரை வைத்தார். கண்டுபிடித்தவர் என்ற இடத்திலும் அவர் பெயர்தான் ஏறியது. மிஸ் பாஸ்க் அதைச் சொல்ல வந்தபோது யோசினா மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல ஆறு என்று மட்டும் சொன்னாள்.

அதன்பின் நாலு சுவர்கள். பிள்ளை, அடுப்பு, கரிப்புகை படிந்த துணி. டிர்க் நல்லவன், அவள் தலைவலி என்று படுத்தால் அவனே கஞ்சி வைப்பான். ஆனால் அவளுடைய தலைக்குள் கைப்பிடி ஓயாமல் தட்டிக்கொண்டிருந்ததற்கு அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. "பேசாம அந்தக் கல்லையே கட்டியிருக்கலாம் நீ" என்று கேலி செய்வான். சில நாள் அவள் சிரிப்பாள்.

மறுபடியும் போர் மூண்டபோது ஆண்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். கல்யாணமான பெண்களும் தற்காலிகமாக வரலாம் என்று அரசாங்கம் இளகியது. மிஸ் பாஸ்க் வந்து கூட்டிப் போனார். முதல் நாள் யோசினா தேடியது ஃபிலமனை. தேநீர் கொண்டு வந்தது வேறு ஆள்.

"அவனா? கால் சரியாகவே இல்ல. ஒரு மழைக்காலத்துல அனுப்பிட்டாங்க" என்றார் மிஸ் பாஸ்க்.

"எந்த ஊருக்கு?"

"ஊருக்குத்தான்."

போர் முடிவதற்குள் அவள் இன்னும் சில கற்களைப் பிடித்தாள். அதில் ஒன்று, மறுபடி நேருக்கு நேர் வந்தபோதும் பிடிபட்டு, பாதை உறுதியாகி எண் பெற்றது. தோரல்டுக்கு வயதாகியிருந்தது, பழைய வருத்தமும் மங்கியிருந்தது. "இதுக்கு நீங்களே பேர் வைங்க, மிஸஸ் லாட்டகன்" என்றார்.

"மஷேகோ" என்றாள்.

"யாரது?"

"ஃபிலமன்."

அவர் சங்கடமாகச் சிரித்தார். "நம்ம வழக்கம் ஊர், ஆறு, மலை. வேணும்னா அவன் ஊர் பேர வைங்க. என்ன ஊர்?"

யோசினாவுக்குத் தெரியவில்லை. தோரல்டுக்கும் தெரியவில்லை. மிஸ் பாஸ்க்குக்கும் தெரியவில்லை. புதிய ஆளைக் கேட்டாள். அவன் வடக்குப் பக்கம் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னான். சீட்டு அலுவலகத்துக்கே போய் வரிசையைக் கடந்து சன்னலில் கேட்டாள். அந்தப் பெயரில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள் என்று விரட்டிவிட்டார்கள். ஆண்கள் போரிலிருந்து திரும்ப, அவளை இரண்டாம் முறையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். பெயர் வைக்கிற இடத்தை அவள் நிரப்பாமலே விட்டாள்.

பிறகு பல வருஷம் ரயில்வே காலனிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். கண்டிப்பானவள் என்று பெயர். அவள் மகள் கல்யாணமானபின்னும் வேலையை விடவில்லை; அப்போது சட்டம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஒருநாள் அந்த மகள்தான் கேட்டாள், "ஏம்மா, உன் கல்லுக்கு உன் பேரையாவது வச்சிருக்கலாம்ல?"

"அது என்னோடது இல்லடி" என்று சொல்லிவிட்டு யோசினா கொடியில் உலர்ந்த துணிகளை எடுக்கப் போனாள். மதிய வண்டி வருகிற நேரம். கரிப்புகை படியுமுன் எடுத்தாக வேண்டும்.